மூன்றாவது போர் (ஆழ்துளைக் கிணறு) போடுவதா, தூர்ந்த குளத்தைத் திறப்பதா? வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் யாராவது செய்திருக்கிறீர்களா?

வளர்மதி, வடகரப்பதி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா (ஆந்திரச் சித்தூர் இல்லை), வடகரப்பதி பஞ்சாயத்து. வேலந்தாவளம் தாண்டினால் கோயமுத்தூர் மாவட்டம். கேரளம் என்றதும் விடாமல் பெய்யும் மழைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். எங்கள் பக்கம் அப்படி இல்லை. பருவமழை மேகம் எங்களைத் தாண்டிப் போவதை வாசலில் நின்று பார்த்தே வளர்ந்தவள் நான்.

தோட்டம் இரண்டே முக்கால் ஏக்கர். 150 தென்னை, அதில் பாதிக்கு மேல் கள்ளுக்குக் குத்தகை. சித்தூர்த் தோட்டங்களிலிருந்து கேரளம் முழுக்கக் கள்ளு போகிறது என்பது தெரிந்ததுதான். மரம் காய்ந்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

முதல் போர் 420 அடி, நான் எட்டாவது படிக்கும்போது போட்டது. ஒன்றரை இஞ்ச் தண்ணீர் வந்தது. 2016இல் மழை பொய்த்து கேரளத்தின் 14 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார்களே, அந்த வருஷம் அது நின்றுபோனது. இரண்டாவது போர் 780 அடி. இப்போது அதுவும் காலையில் நாற்பது நிமிஷம் ஓடிவிட்டுக் காற்றை இழுக்கிறது. திருச்செங்கோட்டுப் போர் வண்டி (ரிக்) ஏஜெண்ட் போன வாரம் வந்து, 1,100 அடி போனால் கட்டாயம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அம்மாவின் நகையை அடகு வைக்கலாம் என்று அப்பா பேச ஆரம்பித்துவிட்டார்.

தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில் தாத்தா காலத்துக் குளம் ஒன்று இருக்கிறது. சுமார் 40 சென்ட். சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தில் இருந்த காலத்திலேயே வெட்டியது என்று பாட்டி சொல்வார். கீழே இருந்த அரை ஏக்கர் வயலுக்கு அதில்தான் பாய்ச்சல். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அதில் அல்லி பூத்திருந்தது, கரையில் ஏழு பனை நின்றது. இப்போது பனை மூன்று. மீதியைச் செங்கல் சூளைக்குக் கொடுத்துவிட்டோம். எங்கள் வீட்டார்தான் கொடுத்தோம், வேறு யாரும் வந்து வெட்டவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனது கனக்கிறது. குளத்துக்குள் சீமைக்கருவேலம் மண்டி, ஐப்பசி மழை பெய்தாலும் முழங்கால் அளவு நின்று பத்து நாளில் காய்ந்துவிடுகிறது.

குளமும் வயலும் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொது, இன்னும் பிரிக்கவில்லை. அதை மண்ணடித்து மேடாக்கி வீட்டுமனையாக விற்கலாம் என்கிறார் சித்தப்பா. அவர் கெட்டவர் இல்லை, இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்த கடன் இருக்கிறது.

எனக்குத் தெரிய வேண்டியவை: குளத்தைத் தூர்வாரினால் போரில் தண்ணீர் ஏறுமா? அரசுத் திட்டம் எதிலாவது இதற்கு உதவி கிடைக்குமா? ஹரித கேரளம், தொழிலுறப்பு என்றெல்லாம் பஞ்சாயத்தில் போர்டு வைத்திருக்கிறார்கள், யாரிடம் போய் எப்படிக் கேட்பது என்றுதான் புரியவில்லை. மூன்றாவது, சித்தப்பா சொல்கிற மாதிரி மூடிவிட முடியுமா? அப்பாவிடம் பேச எனக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. ரிக் வண்டி வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்.

---

பாறைக்காரர்:

அம்மிணி, நான் நிலத்தடி நீர் வேலையில் 27 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். உன் முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். குளத்தைத் தூர்வாரினால் 780 அடிப் போரில் அடுத்த வருஷமே தண்ணீர் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

நம் பக்கம் அடியில் கிடப்பது கடும்பாறை. நைஸ், சார்னோக்கைட் என்பார்கள். மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே உதிர்ந்த பாறை. அந்த மேல் அடுக்குத்தான் பஞ்சு மாதிரி மழையைக் குடித்து வைத்திருக்கும். அதற்குக் கீழே முழுப்பாறை. அதில் வெடிப்பு இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் வெறும் தூசி. ரிக் வண்டி கேசிங் பைப்பை இறக்கி மேல் அடுக்கை அடைத்துவிட்டுத்தான் கீழே போகிறது. அதனால் குளத்துத் தண்ணீர் முதலில் சேரும் இடம் உங்கள் திறந்த கிணறுதான். தோட்டத்தில் பழைய கிணறு இருக்கிறதா? அதைப் பற்றி நீ எழுதவே இல்லை. இருந்தால் அதுதான் உன் சொத்து.

1,100 அடிக்குப் போவதைப் பற்றி: ஆழம் கூடக் கூடப் பாறையின் சுமையில் வெடிப்புகள் இறுகிக்கொண்டே போகும். கிடைத்தாலும் அது பக்கத்துத் தோட்டக்காரர் உறிஞ்சுகிற அதே வெடிப்பாக இருக்கலாம். இவர் 1,100 போனால் அவர் 1,200 போவார். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2017 கணக்கில் நம் சித்தூர் பிளாக் 'அளவுக்கு மீறி எடுக்கப்பட்டது' என்ற பட்டியலில் இருந்தது. ஒரு வருஷத்தில் மழையால் ஊறி, எடுக்கத் தகுந்ததாக இருக்கும் தண்ணீரைவிட அதிகமாக எடுக்கிறோம் என்பதுதான் அதற்குப் பொருள். சேமிப்பில் போடுகிற பணத்தைவிட எடுக்கிற பணம் கூடுதல்.

இன்னொன்று. கேரள நிலத்தடி நீர் (கட்டுப்பாடு, ஒழுங்குமுறை) சட்டம் 2002இல் வந்தது. அறிவிக்கப்பட்ட பகுதிகளில் புதுக் கிணறு தோண்டவோ போர் போடவோ முன்கூட்டி அனுமதி வேண்டும். ஏஜெண்ட் 'அதெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிடலாம்' என்று சொல்லியிருப்பார். அப்படிப் போட்ட போருக்குப் பிறகு மின் இணைப்பு கேட்டுப் போகும்போது நிற்க வேண்டியது நீங்கள்தான், அவர் இல்லை.

கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன், அப்பாவிடம் காட்டு. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டர். உன் 40 சென்ட் குளத்தைத் திறந்து, கரைச் சரிவு போகச் சராசரி ஒன்றரை மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 24 லட்சம் லிட்டர். ஒரு தடவை நிறைந்தால் அவ்வளவு. நல்ல வருஷத்தில் ஆனி ஆடி மழைக்கு ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு ஒரு தடவை நிறையும்.

குளத்துத் தண்ணீரை நேராகப் போருக்குள் விடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதே. கலங்கல் தண்ணீர் போனால் இருக்கிற வெடிப்பும் அடைந்துவிடும், உரமும் பூச்சிமருந்தும் குடிதண்ணீரில் கலக்கும்.

---

கோரையாற்றுக் கரையான்:

ஐயா சொன்னது முழுக்கச் சரி. நான் 2019இல் எங்கள் குளத்தைத் தூர்வாரினவன், எருத்தேன்பதி பஞ்சாயத்து. பட்டதைச் சொல்கிறேன் தங்கச்சி.

முதல் வருஷம் நான் செய்த தப்பு, ஜேசிபியைக் கூட்டி வந்து குளத்தை மட்டும் தோண்டியது. 11 மணி நேரம் வண்டி ஓடியது. பார்க்க அழகாக இருந்தது. ஆடி முழுக்க மழை பெய்தும் அரைக் குளம்கூட நிறையவில்லை. தண்ணீர் வருகிற வாய்க்காலைப் பார்க்காமல் விட்டதுதான் காரணம். மேற்கே மூன்று தோட்டம் தாண்டி வருகிற வரத்து வாய்க்காலை ஒருவர் வேலி போட்டுச் சேர்த்திருந்தார், இன்னொரு இடத்தில் ரோடு போட்டபோது குழாய் வைக்காமல் மூடியிருந்தார்கள். அடுத்த கோடையில் மம்பட்டியோடு நானும் என் மச்சானும் எட்டு நாள் அந்த வாய்க்காலைப் பிடித்து நடந்தோம். வேலி போட்டவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, காப்பி குடித்து, இரண்டு மணி நேரம் பேசினேன். அவர் கிணறும் வற்றித்தான் கிடந்தது. குளம் நிறைந்தால் உங்கள் கிணற்றுக்கும் ஊறும் என்று சொன்ன பிறகு ஆறடி விட்டுக் கொடுத்தார். அந்த வருஷம் குளம் நிறைந்து கலிங்கு (மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி) வழிந்தது. அதனால் முதலில் வாய்க்கால், அப்புறம்தான் குளம்.

வண்டல் மட்டும் எடு. கறுப்பு வண்டல் முடிந்து சரளை தெரிந்ததும் நிறுத்திவிடு. வண்டலைத் தென்னைக்குப் போடு, அதைவிட நல்ல உரம் கிடையாது. ஆனால் லாரியில் ஏற்றி வெளியே விற்க நினைக்காதே. 2015 சிறுகனிம விதிப்படி மண்ணை வெளியே கொண்டுபோகச் சுரங்கத் துறை அனுமதிச்சீட்டு வேண்டும். அது தெரியாமல் நான் நான்கு லோடு அனுப்பி, வண்டியைப் பிடித்து வைத்து, மூன்று நாள் அலைந்தேன்.

சீமைக்கருவேலத்தை வேரோடு எடு, வெட்டிவிட்டால் ஆறு மாதத்தில் திரும்ப வரும். மிச்சமிருக்கும் மூன்று பனையைத் தொடாதே. கரையைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேர்தான். வெட்டிய இடத்தில் இப்போதே பனங்கொட்டை ஊன்று. உள்சரிவில் வெட்டிவேர் வை.

அப்புறம் தென்னைக்கு. பாத்தி கட்டி வெள்ளமாக விடுகிறீர்களா, சொட்டு நீரா? வெள்ளப் பாசனம் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். மரத்தைச் சுற்றித் தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் மூடினால் ஈரம் நிற்கும். மட்டை உங்களிடமே கிடக்கும், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

உதவி பற்றி: எனக்குக் கூலிச் செலவில் பாதி அன்றைய தொழிலுறப்பில்தான் நடந்தது (தமிழ்நாட்டுப் பக்கம் நூறு நாள் வேலை என்பார்கள்). வரத்து வாய்க்கால் பொது என்பதால் அதை எடுத்துக்கொண்டார்கள். இப்போது நடைமுறை என்ன என்பதைப் பஞ்சாயத்தில் கேட்டுக்கொள். ஹரித கேரளம் மிஷன் 2016 டிசம்பரில் தொடங்கியது. நீர்நிலை மீட்பு அதன் மூன்று வேலைகளில் ஒன்று, மற்றவை குப்பை மேலாண்மையும் இயற்கை விவசாயமும். ஆனால் அவர்களே தேடி வந்து உன் குளத்தைத் தோண்ட மாட்டார்கள். வார்டு கிராமசபையில் நீ எழுந்து சொல்லி, அது தீர்மானத்தில் ஏறி, பஞ்சாயத்தின் அடுத்த வருஷத் திட்டத்தில் வர வேண்டும். நான் இரண்டு கிராமசபையில் பேசினேன். முதல் தடவை யாரும் காதில் வாங்கவில்லை. இரண்டாவது தடவை பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் பதினேழு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

---

வளர்மதி, வடகரப்பதி:

ஐயா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. படித்துக்கொண்டிருந்தபோதே அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். 24 லட்சம் லிட்டர் கணக்கை அவர் தன் டைரியில் மறுபடி போட்டுப் பார்த்தார். சரியாக வந்தது.

ஆமாம் ஐயா, கிணறு இருக்கிறது. 52 அடி, கல் கட்டியது. போர் போட்ட பிறகு அதை மறந்தே போனோம். பழைய டயரும் மட்டையும் போட்டுப் பாதி மூடியிருக்கிறது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

சித்தப்பா விஷயம் இன்னும் தீரவில்லை. கிராம அலுவலகத்துப் பதிவேட்டில் அந்த இடம் 'நிலம்' என்றுதானே இருக்கிறது, குளம் என்று இல்லையே, அப்புறம் என்ன தடை என்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வது?

---

பெருமாட்டி அக்கா:

வளர்மதி, உன் சித்தப்பா தமிழ் 'நிலம்' என்று படிக்கிறார். பதிவேட்டில் இருப்பது மலையாள 'நிலம்'. நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் இந்த ஒரு சொல்லில் ஏமாந்திருக்கிறார்கள். தமிழில் நிலம் என்றால் எந்தப் பூமியும்தான். கேரள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்றால் நெல்வயல், நன்செய். தோட்டம், மேட்டுப் பூமி எல்லாம் 'புரையிடம்'. ஆகவே 'நிலம்' என்று இருப்பதுதான் உங்கள் குளத்துக்குக் காவல்.

நான் ஒரு தடவை வார்டு மெம்பராக இருந்தவள், இந்தச் சட்டத்தோடு அலைந்திருக்கிறேன். 2008ஆம் வருஷத்து நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம். அதில் 'நெல்வயல்' என்பதற்குச் சொல்லியிருக்கும் விளக்கத்தை உட்கார்ந்து படி. நெல் விளைகிற இடம் மட்டும் இல்லை, விளையத் தகுந்தும் தரிசாகப் போட்ட இடமும் சேரும். அதோடு வயலைச் சேர்ந்த வரப்பு, வடிகால், குளம், வாய்க்கால் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் வருகிறது. உங்கள் குளம் அந்த அரை ஏக்கர் வயலுக்குப் பாய்ச்சியது என்று நீயே எழுதியிருக்கிறாய். மீறி மூடினால் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை அபராதம். சித்தப்பாவை மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மனை வாங்க வருகிறவருக்கும் இது தெரியும், அதனால் அவர் நினைக்கிற விலை வராது என்பதை எடுத்துச் சொல்.

அடுத்ததாகக் கிருஷிபவனுக்கு (விவசாய அலுவலகம்) போ. பஞ்சாயத்தின் டேட்டா பேங்கில், அதாவது நெல்வயல், நீர்நிலப் பட்டியலில், உங்கள் சர்வே எண் இருக்கிறதா என்று பார். அதைத் தயாரிக்கிற உள்ளூர்க் குழுவுக்குப் பஞ்சாயத்துத் தலைவர் தலைவர், விவசாய அலுவலர் கன்வீனர், வில்லேஜ் ஆபீசரும் விவசாயிகளும் உறுப்பினர்கள். இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 2018 திருத்தத்துக்குப் பிறகு அந்த இடத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற விண்ணப்பிக்க ஒரு வழி திறந்திருக்கிறது. அதிலும்கூட 50 சென்டுக்கு மேல் போனால் பத்தில் ஒரு பங்கைத் தண்ணீர் சேமிப்புக்கு விட்டாக வேண்டும். வயலும் குளமும் சேர்ந்தால் உங்களுக்கு அதற்கு மேல் வருகிறது.

சித்தப்பாவின் கடனை இது தீர்க்காது, ஆனாலும் சொல்கிறேன். வயலை வயலாகவே வைத்திருப்பவர்களுக்குக் கேரள அரசு 2020இலிருந்து ராயல்டி கொடுக்கிறது. ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் என்று தொடங்கி 3,000 ஆக்கினார்கள். அரை ஏக்கருக்கு அது சில நூறு ரூபாய்தான். நெல் போட முடியாவிட்டால் உளுந்து, எள், கடலை என்று குறுகிய காலப் பயிர் போட்டாலும், வயலின் தன்மை மாறாமல் இருந்தால் சரி. எனக்கு அந்தப் பணத்தைவிட அதைக் கொடுக்கிற எண்ணம் பெரிது. வயல் வைத்திருப்பவன் ஊருக்கே தண்ணீர் சேர்த்து வைக்கிறான் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுது. தமிழ், கன்னடச் சிறுபான்மையர் தங்கள் பகுதியில் இருக்கும் அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டமே சொல்கிறது. 'மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா' என்று திருப்பி அனுப்பினால் தயங்காமல் அதைச் சொல்லு. வாங்கியதற்கு ரசீது கேள்.

எங்கள் பஞ்சாயத்தில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. 2000இல் நிலத்தடி நீரை உறிஞ்சும் குளிர்பான ஆலை வந்தது, 2002 ஏப்ரலில் மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள் குடத்தோடு பந்தலில் உட்கார்ந்தார்கள், 2003இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. நஷ்டம் 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசு அமைத்த குழு 2010இல் சொன்னது. இழப்பீட்டுக்காக 2011இல் சட்டசபை நிறைவேற்றிய மசோதா, ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்காமலே போனது. அந்த ஆலை போனதும் தண்ணீர் தானாகத் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. அதே நிலத்தடியில் நாமும் ஆளுக்கு மூன்று போர் போட்டுக்கொண்டே இருந்தோம். மயிலம்மா 2007இல் இறந்தார். அவரை நினைக்கும்போதெல்லாம் நம் தோட்டத்துக் கிணறுகளையும் நினைத்துக்கொள்கிறேன்.

---

வளர்மதி, வடகரப்பதி (மூன்று வாரம் கழித்து):

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கிருஷிபவனில் பார்த்தோம், சர்வே எண் டேட்டா பேங்கில் இருக்கிறது. சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வில்லேஜ் ஆபீஸில் இருந்த பெண் 'நிலம்', 'புரையிடம்' இரண்டையும் அவருக்குப் பொறுமையாக விளக்கினார். வரும் வழியில் சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, 'எனக்கு என் கடனுக்கு ஒரு வழி சொல்லுங்கள், குளத்தை நான் கேட்கவில்லை' என்றார். போருக்கு என்று எடுத்து வைத்த பணத்தில் ஒரு பங்கை அவருக்குக் கைமாற்றாகக் கொடுக்கலாம் என்று அப்பாவே சொன்னார். ரிக் ஏஜெண்டுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

கிணற்றிலிருந்து டயர், மட்டை எல்லாம் எடுத்தோம். அடியில் ஈரச் சேறு இருந்தது, தண்ணீர் இல்லை.

அண்ணா சொன்னபடி வாய்க்காலைப் பிடித்து நடந்தோம். அப்பா முன்னால், கையில் பனை மட்டையோடு. அறுபத்தெட்டு வயதில் ஒவ்வொரு வளைவாக நின்று, இங்கே கெண்டை பிடிப்போம், இங்கே மாடு குளிப்பாட்டுவோம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பஞ்சாயத்து ரோடு குறுக்கே போகிற இடத்தில் வாய்க்கால் முடிந்துவிடுகிறது. மறுபக்கம் பள்ளம் தெரிகிறது, நடுவில் குழாய் இல்லை. தமிழில் விண்ணப்பம் எழுதி, படம் வரைந்து, பஞ்சாயத்தில் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். அடுத்த கிராமசபைக்கு எங்கள் தெருவில் ஒன்பது பேர் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ரோட்டுக்கு அடியில் வைக்க எவ்வளவு அகலக் குழாய் கேட்பது? ஓவர்சியர் கேட்டால் சொல்ல வேண்டும்.

---

கோரையாற்றுக் கரையான்:

தங்கச்சி, அளவை நீயாகச் சொல்லாதே. அந்த இடத்தில் பழைய கல் மதகு இருந்திருக்கும், ரோட்டின் ஓரத்தில் இரண்டடி தோண்டினால் பக்கக் கல் தெரியும். இரண்டு கல்லுக்கும் நடுவே எவ்வளவு என்று அளந்து, போட்டோ எடுத்து, அதை விண்ணப்பத்தோடு சேர். அதற்குக் குறைவாக வைக்க விடாதே. ஞாயிற்றுக்கிழமை நான் சும்மாதான் இருக்கிறேன், கடப்பாரையோடு வருகிறேன்.